அறுத்த சட்டமும் ஆர்.சி.யும்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறேன். நான்கு வருட 350 சிசி புல்லட்டைப் பழைய காலத்து வண்டிபோல வீட்டிலேயே மாற்றினேன். பின்பக்கச் சட்டத்தை அறுத்து ஒற்றை சீட், நானே வெல்டிங் செய்த சைலன்சர், டேங்குக்குப் பச்சை நிறம், ஆம்பூரில் தைத்த தோல் பை. இப்போது பதிவை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தோல் பையை மறந்துவிடுங்கள். கழற்றி மாட்டும் பை வண்டியின் அமைப்பை மாற்றுவதில்லை. எண் பலகையையும் விளக்கையும் மறைக்காவிட்டால் போதும். வம்பு நீங்கள் அறுத்த சட்டத்தில் இருக்கிறது.

தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த ஆர்.சி. விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கைவேலை எவ்வளவு நேர்த்தி என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் இருவர் அமரலாம் என்றிருக்கும். உங்கள் சீட்டோ ஒருவருக்கு. பின்னால் அமர்பவருக்கான கைப்பிடியும் சேலை கார்டும் அறுத்ததோடு போயிருக்கும், இரண்டும் கட்டாயம். 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர் ஒலி வரம்பை மீறினால் 190(2) தனி: 10,000 ரூபாய் வரை அபராதத்தோடு 3 மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும்.

'விண்டேஜ் வண்டி' என்று வாதாட நினைக்காதீர்கள். 2021இல் வந்த அந்த விதிகள், முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத்தான். அவற்றிலும் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பெரிதாகக் கைவைத்திருக்கக் கூடாது.

நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அபராதம் கட்டினால் முடிந்தது என்று சும்மா இருப்பவர்கள்தான் என்னிடம் தாமதமாக வருகிறார்கள். 53ஆவது பிரிவின்படி பதிவை நிறுத்திவைப்பது குறையைச் சரிசெய்யும்வரைதான். ஆகவே பழைய நிலைக்குத் திருப்ப அவகாசம் கேளுங்கள். அறுத்ததை நீங்களே ஒட்டவைத்துக் கொண்டுபோகாதீர்கள். கம்பெனி சர்வீஸ் மையத்தில் வேலையைச் செய்து பில் வாங்குங்கள். சேசிஸையே மாற்ற வேண்டியிருந்தால் அதன் எண்ணும் மாறும். முன்அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். டேங்கின் நிறத்தை மறைக்காமல் சொல்லி, ஆர்.சி.யில் திருத்தக் கேளுங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இந்த மாற்றங்களைத்தான் முதலில் காட்டும்.

எதிராக உத்தரவு வந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். தபால் உறையைக் கிழித்தெறியாதீர்கள். அதிலிருக்கும் தேதி முத்திரை தேவைப்படும்.