ஸ்டீராய்டில் கண் வீக்கம் வற்றினால் புற்றுநோய் இல்லையா?

ஸ்டீராய்டு மாத்திரைக்கு அம்மாவின் கண் வீக்கம் வற்றிவிட்டது, அப்படியானால் புற்றுநோய் இல்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்துவிடாதீர்கள். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும், அப்புறம் திரும்பி வரும்.

இரண்டு மேல் இமைகளும் வலியில்லாமல் வீங்கி, ஸ்கேனில் இரு கண்ணீர்ச் சுரப்பிகளும் பெருத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த, புற்றுநோய் அல்லாத அழற்சியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாடைக்கு அடியிலும் வீக்கம் இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா என்று பாருங்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்துக்கு ஓடும் நரம்பு ஸ்கேனில் தடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பலர் கவனிக்காமல் விடும் துப்பு இது.

ரத்தத்தில் ஐஜிஜி4 அளவு 135 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் அளவு சரியாக இருந்தும் இந்த நோய் இருக்கலாம். லிம்ஃபோமாவிலும் சிலருக்கு ஏறும். அதனால் பயாப்சி (திசுவில் சிறிது எடுத்துச் சோதிப்பது) அவசியம்.

ஒரு சிக்கல்: ஸ்டீராய்டு எடுத்த பிறகு திசுவில் அடையாளங்கள் மங்கிவிடலாம். எத்தனை நாள், எவ்வளவு டோஸ் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

பார்வை மங்கினாலோ நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.