இடுப்பு பிடித்துக்கொண்டதா? கேளுங்கள்

திடீர் இடுப்பு வலி பற்றிக் கேளுங்கள் என்று காலையில் சொன்னேன், சாயங்காலத்துக்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரை எழுதித் தருவது என் வேலை இல்லை. வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தாலோ தன்னையறியாமல் போனாலோ, கால் வலுவிழந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றவர்கள் வாருங்கள்.

திருப்பூர், 34 வயது: மேடம், தண்ணீர்க் கேனைத் தூக்கும்போது இடுப்பில் சுளீர் என்றது. இப்போது ஹாலில் தரையில் படுத்திருக்கிறேன், எழுந்திருக்க முடியவில்லை. மரமரப்பு எதுவும் இல்லை.

20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அதைக் குனிந்து எடுத்து, அப்படியே உடம்பைத் திருப்பிக் கவிழ்க்கிறோம். என்னிடம் வரும் பலருடைய கதை கேனிலோ கேஸ் சிலிண்டரிலோதான் ஆரம்பிக்கும். பயப்படாதீர்கள், இந்த மாதிரி வலி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

யாரையாவது ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலிப் பலகைமேல் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் 'ட' மாதிரி மடங்கியிருக்கட்டும். பத்து நிமிஷம் மூச்சை மெதுவாக விடுங்கள். அடிபட்ட இடம் அசையக் கூடாது என்று சுற்றியிருக்கும் தசைகள் இறுகிப் பிடித்திருக்கின்றன. அவை கொஞ்சம் விடும்.

அப்புறம் நேராக எழ முயலாதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக வரும்படி ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுங்கள். சுடுதண்ணிப் பையைத் துண்டில் சுற்றி 15, 20 நிமிஷம் ஒத்தடம். பை இல்லையா, கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்துகொள்ளுங்கள். மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் வையுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் இன்னும் கவனம், சுட்டால் தெரியாது.

முக்கியமானது இனிமேல்தான். படுத்தே கிடக்காதீர்கள். 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வலி இடம் கொடுக்கிற அளவுக்கு வழக்கமான வேலைகள். மூன்றாவது பிரிவுதான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறியது. அதனால் இன்றே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடங்கள். வலித்தால் நில்லுங்கள், மறுபடி நடங்கள்.

காரைக்குடி: இது வாய்வுப் பிடிப்புதானே? பூண்டுப் பால் குடித்தால் போதும் என்கிறார் அம்மா.

வாய்வு குடலில் இருப்பது. அங்கிருந்து இடுப்புத் தசைக்குள் போக வழியில்லை. பூண்டுப் பால் குடிக்கலாம், நன்றாகத்தான் இருக்கும்.

சேலம்: எம்ஆர்ஐ எடுத்துவிடலாமா அக்கா?

அவசரமில்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். 20 வயதிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுக்கம் தெரிந்தது, 80 வயதில் 84 சதவீதம். ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. ஆனால் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய், பெரிய விபத்து, ராத்திரியிலும் விடாத வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் ஊரில் அபூர்வமில்லை.

பெயர் வேண்டாம்: மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன், நன்றாகக் கேட்கிறது. தினமும் போடலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். வெறும் வயிற்றில் தொடர்ந்து போட்டால் வயிற்றுப் புண் வரும், ரத்தம்கூடக் கசியும். சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. டெங்கு சீசனில் காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் இதைத் தொடவே தொடாதீர்கள்.

விழுப்புரம்: வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிறு வரை இழுக்கிறது. புரண்டு புரண்டு படுத்தும் நிற்கவில்லை, வாந்தி வேறு.

இது என் துறை இல்லை, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். தசைப் பிடிப்பு வந்தவர் அசையாமல் கிடப்பார், கல் வலி வந்தவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. இப்போதே டாக்டரிடம் போங்கள்.

கோவை: எம்ஆர்ஐ எடுக்கணுமா?

சேலத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

காரைக்குடி (மறுபடியும்): மேடம், எங்கள் ஆச்சி ஊருக்கே வாய்வுப் பிடிப்பு எடுத்தவர். அவர் சொன்னது பொய்யா?

நாகர்கோவில்: சித்த வைத்தியர் வீட்டுப் பையன் நான். வாதம் வேறு, வயிற்று வாய்வு வேறு. சித்த மருத்துவத்தில் வாதம் என்றால் உடம்பின் அசைவையெல்லாம் நடத்துவது. நீங்கள் இருவருமே குழப்புகிறீர்கள்.

பரமக்குடி: இதெல்லாம் எதற்கு? கால் முதலில் வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் மிதிக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், ஒரே மிதி.

நாகர்கோவில் தம்பி சொல்வது சரி. 'இடுப்பில் வாதம்' என்று அந்த மருத்துவம் சொல்வதையும், உருளைக்கிழங்கு சாப்பிட்டதால் காற்று ஏறி முதுகைப் பிடித்தது என்று நாம் சொல்வதையும் ஒன்றாக்கக் கூடாது. என் பதிலில் அந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆச்சி பொய் சொல்லவில்லை. நொச்சி இலை ஒத்தடம், வெந்நீர்க் குளியல், சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, சாயங்காலம் "எழுந்து நடடி" என்று விரட்டியிருப்பார். சூடும் நடையும்தான் நானும் சொல்வது. அவர் வைத்த பெயரோடுதான் எனக்குச் சண்டை. ஏனென்றால் அதே பெயரைச் சொல்லித்தான் நெஞ்சு வலியையும் வாய்வு என்று வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள்.

பரமக்குடிக்காரரே, அந்த அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எலும்பு தேய்ந்த பாட்டியின் முதுகில் ஓர் ஆள் ஏறி நின்றால் முள்ளெலும்பு நொறுங்கும். முதுகை யாரும் மிதிக்கக் கூடாது. தலை முதலில் வந்து பிறந்தவரும்தான்.

பரமக்குடி: எனக்குச் சரியானதே!

மிதிக்காமலும் சரியாகியிருக்கும். மிதித்தவருக்குப் பேர் கிடைத்தது.

காரைக்குடி: ஆச்சி அப்படியேதான் செய்வார், நடடி என்பதும் உண்டு. சரி, விட்டுவிடுகிறேன்.

ஈரோடு: இடுப்பு பெல்ட்?

பஸ் பயணத்துக்கு ஓரிரு நாள் போடலாம். நாள் முழுக்க வேண்டாம்.

சென்னை, 7 மாத கர்ப்பம்: சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கலாமா?

உங்கள் மகப்பேறு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள் மா. விட்டு விட்டு வலித்தாலோ நீர், ரத்தம் பட்டாலோ உடனே போய்விடுங்கள். படுக்கும்போது இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை.

தஞ்சாவூர்: எனக்கும் எம்ஆர்ஐ பற்றித்தான்...

சேலம். சேலம். சேலம்.

மதுரை, 58 வயது: வலி குறைந்துவிட்டது அம்மா, ஆனால் இரண்டு நாளாகச் சிறுநீர் முக்கினால்தான் வருகிறது. வயசுக் கோளாறுதானே?

ஐயா, அப்படி நினைத்து இருந்துவிடாதீர்கள். முதல் பத்தியில் சொன்னது இதைத்தான். நரம்பு அழுந்தினாலும் இப்படி ஆகும், அதில் மணிக்கணக்கு முக்கியம். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு இன்றைக்கே, இப்போதே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இடுப்பு வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். போனதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.

திருப்பூர்: எழுந்துவிட்டேன் மேடம்! நாற்காலி வேலை செய்தது. நாலு தடவை நடந்தேன். குளிக்கலாமா?

குளியுங்கள், வெந்நீரில். வாளியை வேறு யாராவது தூக்கி வைக்கட்டும்.

மதுரை: ஆட்டோவில் இருக்கிறோம் அம்மா. மகன் கூட வருகிறான்.

நல்லது ஐயா. மற்ற கேள்விகள் நாளைக்கு.