தொழில்நுட்ப வரைவுகளில் தொட்டதற்கெல்லாம் குறை சொல்லும் மதிப்பாய்வாளரை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் வாரக்கணக்கில் உழைத்து எழுதிய வரைவு, ஓரம் முழுவதும் குறிப்புகளோடு திரும்பி வந்திருக்கும். அவற்றில் பாதி காற்புள்ளியைப் பற்றியவையாக இருக்கும். அந்த எரிச்சலை நானும் பட்டிருக்கிறேன்.

இரண்டு மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறையை விளக்கி 36 பக்க ஆவணம் ஒன்றை எழுதியிருந்தேன். மூத்த மதிப்பாய்வாளர் ஒருவர் அதில் 112 குறிப்புகள் இட்டிருந்தார். ஒரே ஆளை ஓரிடத்தில் 'பயனர்' என்றும் இன்னோரிடத்தில் 'வாடிக்கையாளர்' என்றும் எழுதியிருந்ததிலிருந்து அட்டவணைக் கோட்டின் தடிமன் வரை அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. கோபத்தில் முதல் 20 குறிப்புகளுக்கும் வரிக்கு வரி மறுப்பு எழுதினேன். அடுத்த குறிப்பு, 'காத்திருப்பு நேரம்: 30' என்ற கட்டத்தின் அருகே, 'என்ன அலகு?' என்று மட்டும் கேட்டது. நான் விநாடி என்று நினைத்து எழுதியிருந்தேன். அதே வரைவை வைத்து வேலையைத் தொடங்கிவிட்ட சக ஊழியரோ மில்லிவிநாடி என்று எடுத்துக்கொண்டிருந்தார். மறுப்புகளை அனுப்பாமலே அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து, ஆவணத்தைப் படித்து வேலை செய்பவர் செய்யப்போவதை மாற்றக்கூடிய குறிப்புகள் எவை என்றுதான் முதலில் பிரித்துப் பார்க்கிறேன். இணையத்தில் கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளைச் சொல்லும் நெறிமுறை ஆவணங்களில் 'மஸ்ட்' என்பது கட்டாயத்தையும், 'ஷுட்' என்பது தக்க காரணமிருந்தால் விளைவுகளை உணர்ந்து விலகக்கூடிய பரிந்துரையையும் குறிக்கும் என்று 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வரையறுத்திருக்கிறது; அத்தகைய இடத்தில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தச் சொல்பவரையும் அலட்சியப்படுத்த முடியாது. நடையைப் பற்றிய குறிப்புகளைப் பெரும்பாலும் வாதமின்றி ஏற்றுவிடுகிறேன். மேலும், 'இந்தச் சுற்றில் பிழை கையாளும் பகுதியின் தர்க்கத்தை மட்டும் பாருங்கள். மொழித் திருத்தம் இறுதிச் சுற்றில்' என்று முகப்பிலேயே எழுதி அனுப்புவதால் பாதிச் சச்சரவு எழுவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பத்தியை மூன்று சுற்றுகளில் மூன்று விதமாக மாற்றச் சொன்னவர்களையும் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் குழுவின் நடைக் கையேட்டைக் காட்டி, அதில் இல்லாத விதியைப் பின்பற்ற இயலாது என்று மரியாதையாகவே சொல்லிவிட வேண்டும்.

என் உண்மையான மனக்குறை வேறு ஆட்கள் மீதுதான். அதே 36 பக்கங்களுக்கு இன்னும் நான்கு பேர், 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒப்புதல் அளித்திருந்தார்கள். அலகு இல்லாத அந்த அட்டவணை இருந்த பக்கத்தை அவர்களில் ஒருவர்கூட எட்டியிருக்கவில்லை என்பது பின்னர் பேசியபோதுதான் தெரிந்தது.