நண்டுக் கறிக்கு வைன் சேருமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் மட்டக்களப்பு கல்லடியில் பிறந்தவள். பதினொரு வருடமாக லண்டனில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை வேலையிடத்துத் தோழிகள் ஒரு வைன் பாருக்குக் கூட்டிப் போனார்கள். சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடு, ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்றபடி ஒரு வைன். மூன்று மணித்தியாலம் பேசிக்கொண்டே இருந்தோம், ஒருவருக்கும் வெறியில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் இப்படி ஒரு மாலை ஏன் வாய்ப்பதில்லை? அப்புறம், நம் நண்டுக் கறிக்கு வைன் சேருமா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

நண்டிலிருந்தே தொடங்குகிறேன். எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

சில வருடங்களுக்கு முன் மருமகன் என்னையும் லண்டனில் அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி சிவப்பு வைன் கேட்டேன், கூடவே சுட்ட மத்தி மீன். வந்தது 125 மில்லி. நம் ஊர்க் கால் போத்தல்காரர் பார்த்தால் பாணி மருந்து என்பார். ஒரு வாய் மீன், ஒரு மிடறு வைன். துருப்பிடித்த ஆணியை நக்கினது போல இருந்தது. பழுதான மீனைத் தந்துவிட்டார்கள் என்று சண்டைக்கே எழும்பிவிட்டேன். மீனில் பிழையில்லையாம். சிவப்பு வைனில் இருக்கும் கொஞ்ச இரும்பு மீன் கொழுப்போடு சேரும்போது அந்த வெடுக்கு வரும் என்று பரிமாறிய பிள்ளை பொறுமையாகச் சொல்லி, வேறு கிளாஸ் கொண்டுவந்தது. மருமகன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

உறைப்புக்கும் சிவப்பு சரிவராது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து ஒரு கயர் இறங்கும், பிஞ்சு விளாங்காயைக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அதே கயர். மிளகாய் எரிவை அது கூட்டும். மதுசாரம் இன்னும் கூட்டும். முருங்கை இலை போட்டுத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய வாவி நண்டுக்கு வேண்டியது மதுசாரம் குறைவான, நல்ல புளிப்புள்ள, லேசாக இனிக்கிற குளிர்ந்த வெள்ளை வைன். ஜேர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனில் இனிப்பு மிச்சம் விட்ட வகை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் சிரிப்பு வருகிறது. மதுசாரம் குறைவு, புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. காலையில் இறக்கிய தென்னங்கள்ளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! வைனில் பாதி மதுசாரம் கூட அதில் இல்லை. யாரும் ஈஸ்ட் போடத் தேவையில்லை, மரத்தில் கட்டிய முட்டியிலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். வைத்திருந்தால் வினாகிரி.

சரி, மற்றக் கேள்வி. நம் ஊரில் வைன் என்ற சொல்லுக்குக் குறைவில்லை, ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று போர்டே இருக்கிறது. உள்ளே இரும்புக் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் சாராயம். காசை நீட்டினால் போத்தல் வரும், பேப்பரில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடக்க வேண்டியதுதான். பாரில் உட்கார்ந்தாலும் பைட்ஸ் என்று கொறிக்க வருவது சாராயத்தின் காட்டத்தை விழுங்க வைக்கத்தான், ருசிக்கு இல்லை. உங்கள் வைன் பாரில் எனக்குப் பிடித்தது அங்கே சாப்பாட்டுக்குக் கிடைக்கும் மரியாதை.

பெண்களுக்கு இன்னொரு பூட்டு. அவர்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் வந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பாசிக்குடாப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களில் வெள்ளைக்காரிகளிடம் யாரும் சட்டம் பேசுவதில்லை. சட்டம் நம் ஊர்ப் பெண்களுக்குத்தான். ஆனால் சாராயத்தால் அழிந்த வீடுகள் இங்கே கொஞ்சநஞ்சமல்ல, அதனால் உங்கள் அம்மா பயந்தால் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அதைவிட, நம் வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் பூரணை இரவுதான் தோது என்பார்கள். அன்றைக்குப் போயா, பௌத்தர்களின் பூரணை விடுமுறை. நாடு முழுக்க மது விற்பனைக்குத் தடை.

ஊருக்கு வந்தால் சொல்லுங்கள், நண்டு நான் வாங்கி வைக்கிறேன், கள்ளுக்கும் சொல்லி வைக்கிறேன். டிக்கெட் போடும்போது மட்டும் போயா என்றைக்கு என்று ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.