நியூட்ரலில் கடகட சத்தம்: இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என் படகில் 40 குதிரைத்திறன் 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இருக்கிறது. கொஞ்ச நாளாக நியூட்ரலில் ஓடும்போது கடகடவென்று சத்தம் வருகிறது. கியர் போட்டதும் குறைந்துவிடுகிறது, வேகம் பிடித்தால் கேட்பதே இல்லை. ஒரு மெக்கானிக் கிராங்க் பேரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், வாங்க ஆள் இருக்கிறது என்கிறார். என்ன செய்வது? அதுவரை படகை எடுக்கலாமா?

பதில்: இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சத்தம் பெரும்பாலும் கீழே கியர் பாக்ஸிலிருந்து வருகிறது. அது கோளாறே இல்லாத சத்தமாகக்கூட இருக்கலாம்.

நியூட்ரலில் கியர்கள் சும்மா நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்ஜின் ஓடினாலே மேலிருந்து வரும் தண்டும் அதன் நுனியில் உள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரமும் சுற்றும். முன்னே போகும் கியர், பின்னே போகும் கியர் இரண்டையும் அது எதிரெதிர்த் திசையில் சுற்ற வைத்துக்கொண்டே இருக்கும். புரொப்பல்லரோடு எதுவும் சேராததால் பற்களில் பாரம் இல்லை. 2 ஸ்ட்ரோக் இன்ஜின் மெதுவாக ஓடும்போது சீராகச் சுற்றாது, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதறல் இருக்கும். அந்த உதறலில் பற்கள் ஒன்றோடொன்று மோதி கடகடக்கின்றன. கியர் போட்டதும் புரொப்பல்லரின் பாரம் பற்களை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது, சத்தம் அடங்கிவிடுகிறது. மேலே இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் பேரிங்கோ, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடோ தேய்ந்திருந்தால் கதை தலைகீழ். பாரம் ஏற ஏறத்தான் தட்டும். பாரம் ஏறியதும் மறையும் சத்தத்தைக் கேட்டுவிட்டு கிராங்க் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அவர் சத்தத்தையே சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் இதுவரை இல்லாத சத்தம் இப்போது ஏன் வந்தது? இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, ஐட்லிங் வேகம் குறைந்திருக்கலாம், அல்லது ஒரு சிலிண்டர் மெதுவான ஓட்டத்தில் மிஸ்ஸிங் அடிக்கலாம். அப்போது உதறல் கூடும், கீழே சத்தமும் கூடும். கார்புரேட்டர் பக்கம் தும்மல்போல 'பஃப், பஃப்' என்று வருகிறதா கவனியுங்கள். வந்தால் பெட்ரோல் போதவில்லை, பெரும்பாலும் ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக் மாற்றி, கையேட்டில் உள்ள ஐட்லிங் வேகத்துக்கு செட் செய்தாலே பல மோட்டார்கள் அமைதியாகிவிடும்.

இரண்டாவது கியர் ஆயில். இதை வேறு எவரையும் நம்பாமல் நீங்களே பாருங்கள். மோட்டாரை ஓர் இரவு நேராக நிறுத்தி வையுங்கள். காலையில் கியர் பாக்ஸின் அடியில் ஆயில் வடிக்கும் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால், தண்ணீர் புகுந்திருந்தால் அது முதலில் வரும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலும் தண்ணீர்தான். பெரும்பாலும் புரொப்பல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்போ வலை நூலோ சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல நைசான சாம்பல் நிறப் பசை வழக்கமானது, பயப்பட வேண்டாம். துணுக்கு, செதில், உடைந்த பல் வந்தால்தான் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும். கவனியுங்கள், அப்போதும் திறக்க வேண்டியது கீழே உள்ள கியர் பாக்ஸை, மேலே உள்ள இன்ஜினை அல்ல. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். பிளக்குகளுக்குப் புது வாஷர் போடுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைத் தவறவிட்டுத்தான் நல்ல இன்ஜின்கள் பிரிக்கப்படுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே கிராங்கின் முனையில் சுற்றும் கனமான சக்கரமான பிளைவீல் தளர்ந்திருந்தாலும் மெதுவான ஓட்டத்தில் தட்டி, வேகத்தில் அடங்கும். கேட்பதற்கு அசல் கிராங்க் சத்தம் போலவே இருக்கும். பிளைவீலைப் பிடித்து வைப்பது அதற்கும் கிராங்குக்கும் நடுவே செருகிய கீ என்ற சிறு உலோகத் துண்டு என்று நினைக்காதீர்கள். கீ, டைமிங்குக்காக இடத்தைக் காட்ட மட்டும்தான். கிராங்கின் கூம்பு முனைமேல் பிளைவீலை நட்டு எவ்வளவு இறுக்கி அழுத்துகிறதோ, அந்தப் பிடிதான் எல்லாம். அது துளி தளர்ந்தாலும் ஒவ்வொரு வெடிப்புக்கும் பிளைவீல் அசைந்து தட்டும். முன்பு யாராவது அதைக் கழற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கியிருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். கில் ஸ்விட்ச் கயிற்றை உருவிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வயர்களை எர்த் செய்துவிட்டு, பிளைவீலின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியும் வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். 'டக்' என்று ஓர் ஆட்டம் இருக்கக் கூடாது. நட்டைச் சுற்றிச் செந்நிறத் தூள் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். அப்படியே மேலும் இறுக்கிவிட்டுப் போவது தீர்வல்ல. பிளைவீலை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டுக் கழற்ற வேண்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது. கூம்பைத் துடைத்து, எண்ணெய், கிரீஸ் இல்லாமல் உலர்ந்த நிலையில், புதுக் கீ வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிளைவீலுக்குள் ஒட்டியிருக்கும் காந்தம் எதுவும் கழன்றிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அந்த அளவு என்ன என்று உங்களிடம் இருக்கும் கையேட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அது சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதைப் பல டீலர்கள் கண்ணில் காட்டவே மாட்டார்கள். உரிமையாளர் கையேட்டில் சத்தம் பற்றித் தேடினால் 'டீலரை அணுகவும்' என்று ஒரே வரி. மோட்டாருக்கு முழுக் காசு கொடுத்தவருக்கு ஒரு நட்டின் இறுக்க அளவைச் சொல்ல மறுப்பது எனக்குப் புரியவே இல்லை. ஒரு பேரிங் கேட்டால் முழு கியர் பாக்ஸாகத்தான் வரும் என்று சொல்வதும் அப்படித்தான். இந்த இடைவெளியில்தான் "கிராங்க் போச்சு" என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் ஆட்கள் பிழைக்கிறார்கள்.

கிராங்க்தான் என்று அடித்துச் சொல்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது ஸ்பார்க் டெஸ்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக எர்த் செய்து காட்டச் சொல்லுங்கள். ராடு தட்டினால், அந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் தெளிவாகக் குறையும். வயரை வெறுமனே பிடுங்கித் தொங்கவிட அனுமதிக்காதீர்கள், இக்னிஷன் பாக்ஸ் எரிந்துபோகலாம். இந்தச் சோதனையைச் செய்ய மறுப்பவர் கையில் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். பிரித்துப் பரப்பிவிட்டால், அவர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவதைத் தவிர உங்களுக்கு வழியில்லை. விற்க ஆள் இருக்கிறது என்றவரை நான் இன்னும் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன். ஓடும் மோட்டாரைக் கெட்டுப்போனது என்று நம்பவைத்து, இரும்பு விலைக்கு வாங்கி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து நல்ல விலைக்கு விற்பது இந்தத் தொழிலில் பழைய வேலை.

சரி, படகை எடுக்கலாமா? கியர் ஆயிலையும் பிளைவீலையும் பார்க்கும்வரை எடுக்காதீர்கள். கரையில் வைத்துச் சத்தம் கேட்க நினைத்தால் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஹோஸ் மாட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காய்ந்து ஓடினால் தண்ணீர் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கெட்டுவிடும். ஹோஸில் ஓடும்போது ரேஸ் செய்யாதீர்கள். ஆயில் சுத்தமாக இருந்து, பிளைவீல் ஆடாமல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம், முதல் சில தடவை கரைக்குப் பக்கத்திலேயே, துடுப்பையும் எடுத்துக்கொண்டு. போகும்போது சத்தம் பாரத்தோடு சேர்ந்து ஏறினாலோ, பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றாலோ, அலாரம் அடித்தாலோ அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள்.