அயர்லாந்தில் என் வீட்டு செப்டிக் டேங்கை உள்ளாட்சி ஏன் சோதிக்கிறது?

நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது, அதனால்தான். செப்டிக் டேங்க் கழிவை முழுதாகச் சுத்தம் செய்வதில்லை. கசடை அடியில் தங்கவைத்து, தெளிந்த நீரை மண்ணுக்கு அனுப்புகிறது. மிச்சக் கிருமிகளை வடிகட்டுவது மண்தான். ரசப் பாத்திரம் மாதிரி: மண்டி ஏறிவிட்டால் மேலாக மோந்தாலும் கரண்டியில் மண்டிதான் வரும். அப்படித் தொட்டியிலிருந்து வெளியேறும் கசடு மண்ணை அடைத்துக்கொண்டால் அழுக்கு நீர் பக்கத்துக் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகும்.

செப்டிக் டேங்க் கழிவுக்குச் சரியான சட்டம் இல்லை என்று அயர்லாந்தை 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் கண்டித்தது. 2012இல் சோதனைச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஆறும் குடிநீர்க் கிணறும் அருகிலிருக்கும் இடங்களுக்கே முன்னுரிமை, அது நல்ல யோசனை. சோதித்தவற்றில் ஏறக்குறைய பாதி தேறவில்லை.

அப்புறம், தொட்டி நிறைந்திருந்தாலே கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது எப்போதும் நிறைந்தேதான் இருக்கும், அளக்க வேண்டியது அடியிலுள்ள கசடை.