‘இருந்தாலும்’ என்று வரும் கதையைக் கீழே வையுங்கள்

கேள்வி: பேர்ணாம்பட்டு அருகே தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். 3, 4 வகுப்புகள் ஒரே அறையில், மொத்தம் 27 பிள்ளைகள். வீட்டில் தமிழ், உருது, தெலுங்கு என்று பேசுகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியும் உண்டு. டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்ப்பவரின் மகனை ‘நாத்தம்’ என்று கேலி செய்கிறார்கள். அன்பு, ஒற்றுமை பற்றிய கதைகளைப் படித்துக் காட்டினேன். ‘யாரையும் கேலி செய்யக் கூடாது மிஸ்’ என்று கோரஸாகச் சொல்கிறார்கள். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் பழைய குருடி கதவைத் திறடிதான். என்ன புத்தகம் எடுப்பது, எப்படிப் படிப்பது?

பதில்: ‘இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?’ என்று முடித்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்குக் கோரஸ்தான் பதில். மிஸ் எதை எதிர்பார்க்கிறார் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். நீதியைப் பிள்ளைகள் வாயால் சொல்லவைப்பதை முதலில் நிறுத்துங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி அச்சிட்டிருந்தால் அதைப் படிக்காமலே மூடிவிடலாம்.

புத்தகத் தேர்வுக்கு வருவோம். ஒரு சொல்லை வைத்தே பாதிக் குப்பையைக் கழித்துவிடலாம்: ‘இருந்தாலும்’. ‘கறுப்பாக இருந்தாலும் அழகி’, ‘ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன்’, ‘கால் இல்லாவிட்டாலும் கெட்டிக்காரன்’. இந்த வாக்கியங்கள் பாராட்டுவது போலத் தோன்றும். கறுப்பு என்றால் அழகில்லை, ஏழை என்றால் திருடன் என்ற எண்ணத்தை முதலில் ஊன்றிவிட்டுத்தான் பாராட்டுகின்றன. அந்த எண்ணம் அதுவரை இல்லாத பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

அடுத்து, கதையை யார் நகர்த்துகிறார் என்று பாருங்கள். காது கேளாத சிறுவனை யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை. ஒருநாள் அவன் ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றுகிறான். அப்புறம் எல்லாரும் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். பெரியவர்களுக்குக் கண் கலங்கும் கதை இது. பிள்ளைக்குப் போய்ச் சேரும் சேதி வேறு: உபயோகப்பட்டால்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட, காது கேளாத சிறுவன் காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடுகிற சாதாரணக் கதை பல மடங்கு மேல். அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது, கோபம் வருகிறது, தப்பும் செய்கிறான். காது கேளாதது அவனைப் பற்றிய பத்து விஷயங்களில் ஒன்று.

விலங்குக் கதைகள் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், படியுங்கள். இந்த வேலைக்கு மட்டும் அவற்றை நம்ப வேண்டாம். டொரன்டோவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகப் படித்தார்கள். ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் மனிதரைப் போல நடந்துகொள்ளும் விலங்குகள். பிறகு ஸ்டிக்கர்களைப் பங்கிடச் சொன்னபோது, மனிதர் கதை கேட்ட பிள்ளைகள்தான் முன்பைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நரி செய்த தப்பு நரியோடு போய்விடுகிறது போலும்.

12 முதல் 16 பக்கம், பக்கத்துக்கு மூன்று நான்கு வரி, படிக்க 10 நிமிடம்: இந்த அளவு போதும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் கொடுத்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம், திரையிலும் காட்டலாம்.

உங்களிடம் 27 பேர். உள்ளங்கை அகலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் மூன்றாவது வரிசைக்குப் படம் தெரியாது, கிள்ளல் ஆரம்பித்துவிடும். பாதிப் பேருக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு 13, 14 பேராகத் தரையில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். பக்கத்தைத் திருப்பியதும் வாயைத் திறக்காமல் ஐந்து விநாடி படத்தைக் காட்டிவிட்டு அப்புறம் படியுங்கள்.

நிறுத்திக் கேட்பது ஒரு வாசிப்பில் மூன்று இடம், அதற்கு மேல் வேண்டாம். எங்கே நிறுத்துவது? ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்த பெண் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது சிறுமி குனிந்து தன் தட்டையே பார்க்கிறாள். ‘அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?’ என்றால் ‘சோகமா இருக்கும் மிஸ்’ என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மூன்றாவது சிறுமியைக் கேளுங்கள். ‘இவ ஏன் தட்டையே பாக்கறா? இப்ப இவ இன்னா செய்யலாம்?’ உங்கள் வகுப்பில் கேலி செய்பவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். தட்டைப் பார்ப்பவர்கள் மீதிப் பேர். கதை வேலை செய்ய வேண்டியது அவர்களிடம்.

முதல் பதில் ‘மிஸ்கிட்ட சொல்லுவேன்’ என்று வரும். சரி என்று சொல்லிவிட்டு, ‘மிஸ் அங்க இல்ல, அப்போ?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் நீளம். ‘பக்கத்துல போய் உக்காந்துக்குவேன்’, ‘வேற பேச்சு எடுப்பேன்’ என்று வருவதை அவர்கள் சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். ‘அடிப்பேன்’ என்று ஒருவன் சொல்வான். திட்டாமல், அடித்தால் அடுத்து என்ன ஆகும் என்று மற்றவர்களைக் கேளுங்கள்.

அதே புத்தகத்தை இரண்டு வாரத்தில் மூன்று முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை அந்த மூன்றாவது சிறுமிக்காக, மூன்றாம் முறை நடித்துப் பார்க்க. நடிக்கும்போது கேலிக்கு ஆளாகிற வேடத்தை நிஜத்தில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வேடத்தை ஒரு துணிப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டால் வம்பில்லை.

நேரமும் முக்கியம். திங்கட்கிழமை கேலி நடந்து, செவ்வாய்க்கிழமை அதே மாதிரிக் கதையைப் படித்தால் 26 தலைகளும் அந்தப் பையன் பக்கம் திரும்பும். இரண்டு வாரமாவது போகட்டும். தோல் வேலையைத் தனியாகவும் எடுக்காதீர்கள். ‘இது எப்படி உருவாகிறது’ என்று நான்கு பொருள்களை வரிசையாக வையுங்கள். குடியாத்தம் லுங்கி, தீப்பெட்டி, மண்பானை, அப்புறம் ஷூ. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவதையும், ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு முடியை நீக்குவதையும், முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்ட வேலையை இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு செய்வதையும் சொல்லுங்கள். வாடை அதிகம் வருவது ஊறவைக்கும்போதும் சுண்ணாம்புத் தொட்டியிலும்தான். பெட்டியில் வரும் புது ஷூ எல்லாருக்கும் பிடிக்கும். வாடை ஆளுடையது அல்ல, வேலையின் ஒரு கட்டத்துடையது என்று புரிந்தால் ‘நாத்தம்’ என்ற சொல்லின் வேகம் குறையும். அந்தப் பையன் தானாக ‘எங்கப்பா அத செய்வாரு’ என்றால் கேளுங்கள், நீங்களாகக் கைகாட்டாதீர்கள்.

கதைக்குப் பின் ‘என் வீடு’, ‘நான் வரும் வழி’, ‘அப்பா என்ன வேலை’ என்று வரையச் சொல்வது பல கையேடுகளில் இருக்கிறது. நம் ஊரில் அது ‘நீ எந்தத் தெரு?’ என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு இங்கே என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்வதும் அப்படித்தான். மாட்டுக்கறி சாப்பிடும் வீட்டுப் பிள்ளை ஒன்று பொய் சொல்லும், இல்லை அவமானப்படும். அதற்குப் பதில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் காலை உப்புமாவை, பள்ளி மரத்தை, மைதானத்தை வரையட்டும்.

மொழிக்குப் புத்தகம் கைகொடுக்கும். ஸ்டோரிவீவரில் தமிழில் இருக்கும் பல கதைகள் உருது, தெலுங்கு, ஒடியாவிலும் கிடைக்கும். உருதுப் பிரதியை அச்சிட்டுத் தைத்து வகுப்பில் வையுங்கள். அது வலமிருந்து இடமாகப் போகும்; நம் பின்னட்டை அதற்கு முன்னட்டை. பிள்ளைகள் தலைகீழாகப் பிடித்துத் திண்டாடுவார்கள், உருது வீட்டுப் பிள்ளை திருப்பிக் கொடுக்கும். அந்த ஒரு நிமிடம் அவள் டீச்சர். கதையில் மழை வந்தால் தெலுங்கில் வான, உருதுவில் பாரிஷ். ஒடியாவில் என்ன என்று அந்தப் பெண்ணிடம் முதல் நாளே தனியாகக் கேட்டு, வகுப்பில் சொல்லச் சம்மதமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டால் விட்டுவிடுங்கள்.

ரம்ஜான், கிறிஸ்துமஸ் கதை எடுத்தால் ஏதோ ஒரு வீட்டிலிருந்து புகார் வரலாம். சடங்கை விளக்கும் புத்தகத்தைத் தவிர்த்து, புதுச் சட்டைக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் கதையாக எடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மேசைமேல் திறந்து வைத்துவிட்டால் பெரும்பாலும் பேச்சே எழாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளின் பதிலைக் கேட்காதீர்கள், சாப்பாட்டு வரிசையைப் பாருங்கள். வாரம் ஒருநாள், நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் பக்கத்தில் யார், யார் தனியாக என்று மட்டும் குறியுங்கள். அந்த நோட்டு மேசைமேல் கிடக்கக் கூடாது. நான்கு வாரம் கழித்தும் அந்தப் பையன் தனியாகவே இருந்தால் அடுத்த புத்தகத்தைத் தேடாமல், இடத்தை மாற்றுங்கள்; அவனோடு சண்டையில்லாத இரண்டு பேரைச் சேர்த்து, தண்ணீர்க் குடம் நிரப்புவது போல மூவரும் சேர்ந்தே முடிக்கக்கூடிய ஒரு வேலை கொடுங்கள். சாதிப் பெயரோ அடியோ வந்துவிட்டால் கதைக்கு அங்கே வேலையில்லை: கேலி செய்தவனைத் தனியாக அழைத்து அன்றே பேசுங்கள், தலைமையாசிரியரிடமும் அன்றே சொல்லுங்கள்.